வீட்டில் ஒரு வாண்டு, வயிற்றில் இன்னொன்று: சிங்கப்பூரில் இரண்டாம் பிள்ளைக்குத் தயாராகும் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

இரண்டு மூன்று வயதுப் பிள்ளை வீட்டுக்குள் ஓடிக்கொண்டிருக்க, அடுத்த பிள்ளைக்கு நாள் எண்ணிக்கொண்டிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். முதல் பிரசவத்தில் எல்லாவற்றையும் உட்கார்ந்து நிதானமாகப் படிக்க நேரம் இருந்தது. இரண்டாவது முறை விண்ணப்பத்தைத் திறப்பதற்குள் ஒரு பிசுபிசுத்த கை வந்து திரையைத் தடவிவிடுகிறது. தகவல்களும் சிதறிக் கிடக்கின்றன. விடுப்பு ஒரு பக்கம், விசா ஒரு பக்கம், போனஸ் இன்னொரு பக்கம். இதையெல்லாம் செய்துகொண்டே பெரிய பிள்ளையையும் எப்படித் தயார்படுத்துவது என்று சேர்த்துச் சொல்ல ஆளில்லாமல் நாங்கள் திண்டாடினோம். நீங்கள் அப்படித் திண்டாட வேண்டாம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த மாதங்களில் உங்கள் பிள்ளை பேசும் பேச்சு சிரிப்பாக இருக்கும். சிரியுங்கள், ஆனால் சிரித்துவிட்டு விட்டுவிடாதீர்கள். அவன் எதைத் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறான், எதற்குப் பயப்படுகிறான் என்பதெல்லாம் அந்தப் பேச்சில்தான் இருக்கிறது. எங்கள் வீட்டில் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று பல தடவை அதைக் கேட்டுத்தான் முடிவு செய்தோம்.

1. யாரிடம் முதலில் சொல்வது

குடும்பம், அலுவலகம், அப்புறம்தான் பெரிய பிள்ளை. இந்த வரிசையை மாற்றாதீர்கள். அவனிடம் சொன்னால் புளோக் முழுக்கச் சொன்ன மாதிரி. எங்கள் மகன் விஷயம் தெரிந்த அன்று மாலையே லிஃப்டில் ஏறிய அத்தனை பேரிடமும் அறிவித்தான். மேல்மாடிச் சீனப் பாட்டியிடம் ஆங்கிலத்தில், கீழே கூட்டிக்கொண்டிருந்த அண்ணனிடம் தமிழில். இரண்டு மொழியிலும் செய்தி ஒன்றுதான்: "அம்மா ஒரு பாப்பாவ முழுங்கிட்டாங்க."

எல்லாரும் சிரித்தோம். அன்று இரவு நான் முத்தம் கொடுக்கக் குனிந்தபோது அவன் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டான். தன்னையும் முழுங்கிவிடுவேனோ என்ற பயம். அதனால் "வயித்துல பாப்பா" என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். சோறு போகிற இடம் வேறு, பாப்பா வளர அம்மா உடம்புக்குள் தனியாக ஓர் இடம் இருக்கிறது, நீயும் அங்கேதான் இருந்தாய் என்று சொல்லுங்கள். அவன் நிம்மதியானது அந்தக் கடைசி வரியைக் கேட்டுத்தான்.

எப்போது வரும் என்பதற்கு மாதப் பெயர் சொல்லிப் பயனில்லை. அவனுக்குத் தெரிந்த ஒன்றோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. "சிராங்கூன் ரோட்டுல தீபாவளி லைட் போட்டப்புறம் தம்பி வருவான்" என்று சொல்லி வைத்திருந்தோம். விளக்கு போட்ட அன்று அதைப் பார்க்கக் கூட்டிப் போனால், அலங்கார வளைவைக்கூட ஏறிட்டுப் பார்க்காமல் கூட்டத்தில் ஒவ்வொரு தள்ளுவண்டியாகக் குனிந்து பார்த்துக்கொண்டே வந்தான். "இது நம்மளோடது இல்ல" என்று அடுத்ததற்குப் போவான். ஆகவே ஒரு நாளைக் குறிக்கிற மாதிரி எதையும் சொல்லாதீர்கள். "பாட்டி வந்து கொஞ்ச நாள் கழிச்சு" என்பது போலச் சொல்வது பரவாயில்லை.

2. பரிசோதனைகளும் செலவும்

அரசு மருத்துவமனையா தனியாரா என்பதைத் தொடக்கத்திலேயே முடிவு செய்யுங்கள். கேகே மகளிர், சிறார் மருத்துவமனை, தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனை, சிங்கப்பூர் பொது மருத்துவமனை ஆகிய மூன்றிலும் மானியக் கட்டணத்தில் பார்த்துக்கொள்ளலாம். அதற்குப் பலதுறை மருந்தகத்தில் பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொண்டு போக வேண்டும். அரசு மருத்துவமனையாகவே இருந்தாலும் "இந்த டாக்டர்தான் வேண்டும்" என்று பெயர் சொல்லிப் பதிந்தால் தனியார் கட்டணம் வந்துவிடும். இது தெரியாமல் பில்லைப் பார்த்துத் திகைப்பவர்கள் நிறைய.

ஒவ்வொரு பரிசோதனை ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். பிரசவத்துக்கு முந்தைய செலவையும் மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கிலிருந்து எடுக்கலாம். பிரசவத்துக்குச் சேரும்போது மருத்துவமனையில் அந்த ரசீதுகளைக் கொடுத்தால் மொத்தமாகச் சேர்த்து விண்ணப்பிப்பார்கள். எட்டு மாதத்து ரசீதுகளைக் கடைசி வாரத்தில் தேடுவது பெரும்பாடு.

பெரிய பிள்ளையை எல்லாப் பரிசோதனைக்கும் இழுத்துக்கொண்டு போக வேண்டாம். ஸ்கேன் நாளுக்குக் கூட்டிப் போங்கள். பாப்பாவின் இதயத்துடிப்பைக் கேட்க வைத்தபோது எங்கள் மகன், "எம்ஆர்டி வருது!" என்று கத்தினான். கேட்டுப் பாருங்கள், நிஜமாகவே சுரங்கத்துக்குள் ரயில் வருகிற சத்தம்தான். தம்பி ரயிலில் வந்துகொண்டிருக்கிறான் என்று அன்றிலிருந்து நம்பினான். ஃபேரர் பார்க், தோபி காட் என்று எந்த நிலையத்தில் கதவு திறந்தாலும் "தம்பி எறங்கிட்டானா?" என்று சத்தமாகக் கேட்பான். நான் தடுக்கவில்லை. தம்பி வருகிறான் என்பதை அவன் ஏற்றுக்கொண்டதற்கு அதுதான் அடையாளம்.

கூட்டிப் போகக் கூடாத நாள், 24 முதல் 28 வாரத்துக்குள் செய்யும் சர்க்கரைப் பரிசோதனை. வெறும் வயிற்றில் போய், குளுக்கோஸ் கரைசலைக் குடித்து, இரண்டு மணி நேரம் அங்கேயே உட்கார வேண்டும். அம்மா மட்டும் இனிப்புத் தண்ணீர் குடிப்பதை எந்தப் பிள்ளையும் பொறுத்துக்கொள்ளாது. அதுவும் பசியோடு இருக்கும் உங்களால் சமாதானம் செய்ய முடியாது. அன்றைக்குப் பாலர் பள்ளி இருக்கிற நாளாகப் பார்த்து நேரம் வாங்குங்கள்.

கக்குவான் தடுப்பூசியை 16 முதல் 32 வாரத்துக்குள் போடப் பரிந்துரைக்கிறார்கள். முதல் கர்ப்பத்தில் போட்டிருந்தாலும் ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் மறுபடி போட வேண்டும். அப்படியே பெரிய பிள்ளையின் தடுப்பூசிப் பதிவையும் ஒரு பார்வை பாருங்கள். பாலர் பள்ளியிலிருந்து இருமலைக் கொண்டுவந்து பச்சைக் குழந்தைக்குக் கொடுப்பது அவன்தான்.

3. விடுப்பைப் பிரித்துக்கொள்ளுதல்

பிள்ளை சிங்கப்பூர்க் குடிமகனாக இருந்து, பிரசவத்துக்கு முன் ஒரே முதலாளியிடம் மூன்று மாதமாவது வேலை செய்திருந்தால் தாய்க்கு 16 வாரச் சம்பள விடுப்பு. தந்தைக்கு, 2025 ஏப்ரல் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்கு, 4 வாரம். இது போக இருவரும் பகிர்ந்துகொள்ளும் பெற்றோர் விடுப்பு 2026 ஏப்ரல் 1 முதல் பிறக்கும் பிள்ளைகளுக்கு 10 வாரம். பெற்றோர் இருவரும் வெளிநாட்டவர் என்றால் இந்தச் சலுகைகளில் பெரும்பாலானவை பொருந்தாது. ஆகவே முதலில் உங்கள் நிலையை மனிதவளப் பிரிவில் எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.

இங்கே கவனிக்க வேண்டியது இரண்டு. பகிர்வு விடுப்பு இருவருக்கும் சரிபாதியாகவே பிரித்து வைக்கப்பட்டிருக்கும். யாருக்கு எத்தனை வாரம் என்று மாற்ற விரும்பினால் பிள்ளை பிறந்த நான்கு வாரத்துக்குள் மாற்ற வேண்டும். அந்த நான்கு வாரத்தில் உங்களுக்கு என்ன கிழமை என்றே தெரியாது. பிரசவத்துக்கு முன்பே பேசி முடித்து, நாள்காட்டியில் குறித்துவிடுங்கள்.

இரண்டாவது, தந்தை தன் நான்கு வாரத்தையும் ஒரே மூச்சில் எடுக்காமல் இருப்பது நல்லது. முதலாளி சம்மதித்தால் பிள்ளை பிறந்த 12 மாதத்துக்குள் பிரித்து எடுக்கலாம். முதல் ஒன்றிரண்டு வாரம் வீட்டில் பாட்டி இருப்பார், பார்க்க வருகிறவர்கள் இருப்பார்கள், பெரியவனுக்குத் திருவிழா மாதிரி இருக்கும். பாட்டி ஊருக்குத் திரும்பியதும்தான் வீடு சுருங்கிவிட்டதாக அவனுக்குத் தோன்றும். அந்த வாரத்துக்கு அப்பா தேவை.

4. ஊரிலிருந்து பாட்டி

பிரசவத்துக்கு அம்மாவோ மாமியாரோ தமிழ்நாட்டிலிருந்து வருவதாக இருந்தால் சிங்கப்பூர் விசா வேண்டும். பயணத் தேதிக்கு 30 நாளுக்குள்தான் விண்ணப்பிக்கலாம், அதற்கு முன்னால் முடியாது. 14ஏ படிவம், இங்குள்ள குடிமகனோ நிரந்தரவாசியோ தரும் வி39ஏ அறிமுகக் கடிதம், ஆறு மாதமாவது செல்லுபடியாகும் கடப்பிதழ், புகைப்படம் ஆகியவை தேவை. விண்ணப்பக் கட்டணம் 30 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). விசா கிடைக்காவிட்டாலும் அது திரும்ப வராது. ஊரில் முகவர் வழியாகப் போட்டால் அவருடைய சேவைக் கட்டணம் தனி.

இரண்டாவது பிரசவம் பெரும்பாலும் முதலாவதைவிட வேகமாக நடக்கும். ஆகவே குறித்த தேதிக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே அவர் வந்து சேருவது நல்லது. ஆனால் எத்தனை நாள் தங்கலாம் என்பதை முடிவு செய்வது குடிநுழைவுத் துறை. அது விசாவில் இருக்கும் தேதி அல்ல, வந்து இறங்கிய பின் மின்னஞ்சலில் வரும் அனுமதியில் இருக்கும் தேதி. அதற்கு மேல் தங்க வேண்டுமென்றால் அந்தத் தேதி முடிவதற்குள் இணையத்தில் நீட்டிப்புக் கேட்க வேண்டும். நீட்டிப்பு கிடைத்தே தீரும் என்று நம்பித் திரும்பும் டிக்கெட்டைப் போடாதீர்கள், தேதி மாற்றக்கூடிய டிக்கெட்டாக வாங்குங்கள். பெரியவர்களுக்குப் பயணக் காப்புறுதி கட்டாயம் எடுங்கள். இங்கே வெளிநாட்டவருக்கான மருத்துவமனைக் கட்டணத்தைத் தாங்க முடியாது.

வருகை அட்டையை வந்து சேரும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அதற்குக் காசே கிடையாது. பணம் கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் அது அரசாங்கத் தளம் இல்லை. வயதானவர்கள் இதில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள், நீங்களே நிரப்பிக் கொடுத்துவிடுங்கள்.

சாங்கி விமான நிலையத்துக்குப் பெரியவனையும் கூட்டிப் போங்கள். எங்கள் மகன் பாட்டியைத் திரையில் மட்டுமே நன்றாகப் பார்த்துப் பழகியவன். தள்ளுவண்டியோடு அவர் வெளியே வந்ததும் மேலும் கீழும் பார்த்தான். பிறகு கூடம் முழுக்கக் கேட்கும்படி, "பாட்டிக்குக் கால் இருக்கு!" என்றான். என் அம்மா அங்கேயே உட்கார்ந்து புடவையைக் கணுக்கால்வரை தூக்கி அவனிடம் இரண்டு காலையும் காட்டினார். மெட்டியைத் தொட்டுப் பார்த்தான். அந்த வினாடியிலிருந்து இருவரும் ஒரே கட்சி.

5. பழைய துணியும் மருத்துவமனைப் பையும்

பெரியவனுடைய ஜப்லா, தொப்பி, போர்வையை எல்லாம் அந்துருண்டை போட்டுப் பெட்டியில் கட்டி வைத்திருக்கிறீர்களா? அப்படியே எடுத்து உடுத்தாதீர்கள். ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அந்துருண்டையில் உள்ள நாப்தலீன் ஆகாது. ரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து மஞ்சள் காமாலை கடுமையாகிவிடும். சிங்கப்பூரில் பிறக்கும் குழந்தைகளுக்கு இந்தக் குறைபாடு இருக்கிறதா என்று பிறந்தவுடனே சோதிக்கிறார்கள். ஆனால் முடிவு வருமுன்பே துணி உடம்பில் ஏறிவிடும். எட்டாம் மாதத்திலேயே எல்லாவற்றையும் எடுத்துத் துவைத்து, வெயிலில் உலர்த்தி, அந்துருண்டை இல்லாத இடத்தில் வையுங்கள். பாட்டியின் பெட்டியிலிருந்து வரும் பழைய வேட்டித் துணிக்கும் இதே விதிதான்.

துணியை எடுக்கும்போது பெரியவன் பக்கத்தில் இருந்தால் நேரம் கூடுதலாக ஒதுக்குங்கள். "இது என்னோடது" என்று ஒவ்வொன்றாகப் பறிமுதல் செய்வான். எங்கள் மகன் தன் பழைய தொப்பியைத் தலையில் போட்டுப் பார்த்தான், ஏறவில்லை. முழங்காலில் மாட்டினான், சரியாக இருந்தது. அதோடு வீடெல்லாம் நடந்தான். பிடுங்கவில்லை. அவனுக்கென்று ஒரு சின்னப் பெட்டி கொடுத்து, எதை வைத்துக்கொள்வது, எதைத் தம்பிக்குக் கொடுப்பது என்று அவனையே பிரிக்கச் சொன்னோம். தொப்பியை வைத்துக்கொண்டான், மற்றதெல்லாம் தம்பிக்கு. வாங்கிக் கொடுத்த எந்தப் பொம்மையும் அவனிடம் அந்த அளவுக்கு வேலை செய்யவில்லை.

வளைகாப்புக்கு அவனுக்கும் வளையல் வாங்கிவிடுங்கள், பையனாக இருந்தாலும். வரிசையில் வந்து இரண்டு கையையும் நீட்டத்தான் போகிறான். கண்ணாடி வளையல் வேண்டாம், கழற்றாமல் தூங்குவான்.

மருத்துவமனைப் பையை 34, 35 வாரத்தில் கட்டி, அவன் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். எட்டினால் அவன் வேறு பை கட்டுவான். நாங்கள் கட்டிய பையைத் திறந்தபோது உள்ளே தொலைக்காட்சி ரிமோட், ஒற்றைச் செருப்பு, பாதி கடித்த முறுக்கு இருந்தன. என் நைட்டி சோபாவுக்கு அடியில் இருந்தது. ஆவணங்களைப் பையிலேயே வைக்காமல் தனிக் கோப்பில் வையுங்கள்: இருவரின் அடையாள அட்டை அல்லது கடப்பிதழ், திருமணச் சான்றிதழ், ரசீதுகள், காப்புறுதிக் கடிதம், மருத்துவமனை முன்பதிவுப் படிவம். எல்லாவற்றையும் தொலைபேசியில் படம் எடுத்தும் வைத்துக்கொள்ளுங்கள்.

6. வலி வரும் இரவு

பெரியவனை யார் பார்ப்பது என்பதற்கு இரண்டு பெயர் வேண்டும். பாட்டி முதல் ஆள் என்றால், பாட்டி வருவதற்குள் வலி வந்துவிட்டால் யார்? எங்களுக்கு எதிர்வீட்டு மலாய்க் குடும்பம். வீட்டுச் சாவி ஒன்றை முன்பே கொடுத்து வைத்திருந்தோம். ஓர் இரவு ஒத்திகையும் பார்த்துவிடுங்கள், அதாவது அவன் அவர்களோடு சாப்பிட்டுத் தூங்கிப் பழக வேண்டும்.

வண்டி விஷயத்தில் ஒரு சட்டம் தெரிந்திருக்க வேண்டும். 1.35 மீட்டருக்குக் குறைவான உயரமுள்ள பிள்ளைகள் காரில் தகுந்த சிறுவர் இருக்கையில்தான் உட்கார வேண்டும். டாக்சிக்கு இதில் விலக்கு உண்டு, கிராப் போன்ற தனியார் வாடகைக் கார்களுக்குக் கிடையாது. பச்சைக் குழந்தையும் பெரியவனுமாக வீடு திரும்பும் நாளில் வாசலில் நின்று ஓட்டுநர் மறுக்கும்போது இது தெரியவந்தால் சிரமம். சொந்த இருக்கை இல்லையென்றால் டாக்சியாகப் பார்த்துக் கூப்பிடுங்கள்.

வார்டுக்குச் சிறு பிள்ளைகளை அனுமதிப்பார்களா என்பதை முன்கூட்டியே கேளுங்கள். வார்டுக்கு வார்டு, காலத்துக்குக் காலம் மாறுகிறது. அனுமதி இருந்தால் அவன் உள்ளே வரும்போது தம்பி உங்கள் மடியில் இல்லாமல் தொட்டிலில் இருக்கட்டும். உங்கள் இரண்டு கையும் அவனுக்குக் காலியாக இருக்க வேண்டும். எங்கள் மகன் தம்பியை நெடுநேரம் பார்த்துவிட்டு, அழுகைக்கு வாய் திறந்ததும் பதறிப்போனான். "பல்லு காணோம்!" அப்புறம் தொட்டிலுக்கு அடியில் குனிந்து தேடத் தொடங்கினான். தாதியும் சேர்ந்து தேடினார். அந்த அம்மாவுக்கு எங்கள் நன்றி.

7. பிறப்புப் பதிவு

பிறந்த 42 நாளுக்குள் பதிய வேண்டும். கட்டணம் 18 வெள்ளி. எங்கும் போக வேண்டியதில்லை. மருத்துவமனை பிறப்பை அறிவித்ததும் தாயோ தந்தையோ சிங்பாஸ் என்ற மின்னிலக்க அடையாளம் வழியாக லைஃப்எஸ்ஜி செயலியில் பதியலாம். 2022 மே 29 முதல் மின்னிலக்கச் சான்றிதழ்தான், தாளில் தருவதில்லை. தயாரானதும் 90 நாளுக்குள் பதிவிறக்கம் செய்துவிடுங்கள். ஒரு பிரதி உங்களிடம், ஒரு பிரதி கணவரிடம்.

ஊரில் கல்யாணம் செய்தவர்கள் கவனிக்க: உங்கள் திருமணச் சான்றிதழ் தமிழில் மட்டும் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பும் வேண்டும். பிரசவத்துக்கு முன்பே செய்து வையுங்கள்.

பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டலை இருவரும் தனித்தனியாக எழுதி ஒப்பிட்டுப் பாருங்கள். கடப்பிதழிலிருந்து பள்ளிவரை அதுதான் பின்தொடரும். சான்றிதழில் தமிழிலும் பெயரைச் சேர்க்க இடம் உண்டு. தயவுசெய்து சேருங்கள். ற, ர, ன, ண எல்லாம் சரிதானா என்று வீட்டில் தமிழ் நன்றாகத் தெரிந்த ஒருவரிடம் காட்டிய பிறகு அனுப்புங்கள்.

பெரியவனிடமும் பெயர் கேளுங்கள். எங்கள் மகன் யோசிக்கவே இல்லை. "டபுள் டெக்கர்." சான்றிதழில் ஏறவில்லை, வீட்டில் இன்றைக்கும் தம்பி பல நேரம் டபுள் டெக்கர்தான்.

பெற்றோர் இருவரும் வெளிநாட்டவராக இருந்தால் இந்த 42 நாள் இன்னும் முக்கியம். அதற்குள் குழந்தைக்கு இந்தியத் தூதரகம் வழியாகக் கடப்பிதழ் வாங்கி, இங்கே தங்கும் அனுமதியும் வாங்க வேண்டும். சார்ந்திருப்போர் அனுமதி அட்டைக்கு எம்ப்ளாய்மென்ட் பாஸ் அல்லது எஸ் பாஸ் வைத்திருப்பவரின் நிலையான மாதச் சம்பளம் குறைந்தது 6,000 வெள்ளியாக இருக்க வேண்டும். இந்தியக் குடியுரிமைக்கு, பிறந்த ஓராண்டுக்குள் தூதரகத்தில் பிறப்பைப் பதிவது கட்டாயம்.

8. போனஸும் கணக்கும்

பிள்ளை குடிமகனாகவும் பெற்றோர் சட்டப்படி மணமானவர்களாகவும் இருந்தால் குழந்தை போனஸ் கிடைக்கும். இரண்டாம் பிள்ளைக்கு ரொக்கம் 11,000 வெள்ளி. அது ஒரே தடவையில் வராது, ஆறரை வயதுவரை தவணையாக வரும். ஆகவே பிரசவ பில்லை அதை நம்பிக் கட்டத் திட்டமிடாதீர்கள். குறித்த தேதிக்கு இரண்டு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம், அப்போதே செய்துவிடுங்கள்.

குழந்தை மேம்பாட்டுக் கணக்கு தனி. டிபிஎஸ் அல்லது பிஓஎஸ்பி, ஓசிபிசி, யுஓபி ஆகியவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். நீங்கள் ஒரு காசு போடாவிட்டாலும் 5,000 வெள்ளி வரும். அதற்கு மேல் நீங்கள் போடுவதற்கு ஈடாக, இரண்டாம் பிள்ளைக்கு 7,000 வெள்ளிவரை அரசாங்கமும் போடும். அந்தப் பணத்தைப் பெரியவனின் பாலர் பள்ளிக் கட்டணத்துக்கும் பயன்படுத்தலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. குழந்தையின் மெடிசேவ் கணக்கில் வரும் 4,000 வெள்ளிக்கு விண்ணப்பமே வேண்டாம்.

9. பாலர் பள்ளியும் சிசுப் பராமரிப்பும்

பிரசவத்தை ஒட்டிப் பெரியவனைப் புதிய பாலர் பள்ளிக்கு மாற்றாதீர்கள். மாற்றியே ஆக வேண்டுமென்றால் மூன்று மாதம் முன்பு, இல்லாவிட்டால் பிரசவத்துக்கு நன்றாகப் பிறகு. தம்பி வந்ததால் தன்னை வெளியே அனுப்பிவிட்டார்கள் என்று பிள்ளை முடிச்சுப் போட்டுவிடும்.

சிசுப் பராமரிப்பு இரண்டு மாதத்திலிருந்து 18 மாதம்வரை. இடங்கள் குறைவு, வயிற்றில் இருக்கும்போதே நிலையத்தில் கேட்டு வையுங்கள். அண்ணன் அங்கேயே படிக்கிறான் என்றால் முன்னுரிமை உண்டா என்றும் கேளுங்கள். வேலை பார்க்கும் தாய்மாருக்கு அடிப்படை மானியம் சிசுப் பராமரிப்புக்கு மாதம் 600 வெள்ளி, குழந்தைப் பராமரிப்புக்கு 300 வெள்ளி. குடும்ப வருமானம் 12,000 வெள்ளிக்குள் என்றால் கூடுதல் மானியமும் கேட்கலாம். அரசாங்க ஆதரவு பெற்ற நிலையங்களில் 2026 முதல் முழுநாள் குழந்தைப் பராமரிப்புக் கட்டண வரம்பு, நிலையத்தின் வகையைப் பொறுத்து, 610 அல்லது 650 வெள்ளி. பொருள் சேவை வரி தனி. சேரும்போது கட்டும் முன்பணத்தையும் கணக்கில் வையுங்கள்.

ஆசிரியரிடம் வீட்டு நிலவரத்தைச் சொல்லிவிடுங்கள். நீங்கள் சொல்லாவிட்டாலும் அவன் சொல்லியிருப்பான், ஆனால் அவனுடைய பதிப்பை.

10. முதல் மாதம்

பத்தியச் சமையலுக்கு வேண்டியது எல்லாம் லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தையில் கிடைக்கும். பூண்டு, சுக்கு, பால் சுறா, பிரசவ லேகியம் எதற்கும் ஊரிலிருந்து பொட்டலம் கட்ட வேண்டியதில்லை. கர்ப்பகாலச் சர்க்கரை இருந்தவர்கள் லேகியத்தை மருத்துவரிடம் கேட்காமல் தொடாதீர்கள், அதில் பாதி கருப்பட்டி.

ஸ்பிரிங் தூளி கட்டுகிறவர்களுக்கு ஒரு முக்கியமான எச்சரிக்கை. பெரியவன் அதில் ஏறுவான். ஏறாத பிள்ளையை நான் பார்த்ததில்லை. எங்கள் மகன் கட்டை விரலை வாயில் போட்டுக்கொண்டு, முழங்கால் வெளியே தொங்க, "நான்தான் பாப்பா, ஆட்டு" என்று படுத்திருந்தான். ஸ்பிரிங் முழுதாக நீண்டு அவன் முதுகு தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. அந்த ஸ்பிரிங் பச்சைக் குழந்தையின் எடைக்குச் செய்தது. ஒரு தடவை அளவுக்கு மீறி நீண்டால் அதை மாற்றிவிடுங்கள், பார்வைக்கு நன்றாகத் தெரிந்தாலும் நம்ப வேண்டாம். குழந்தை தூளியில் இல்லாத நேரம் கழற்றி வையுங்கள். அவனைத் திட்ட வேண்டாம். ஆட்ட வேண்டும் என்றுதானே கேட்கிறான்? போர்வையில் போட்டு நீங்களும் அவன் அப்பாவும் இரு முனையைப் பிடித்து ஆட்டுங்கள், நீங்கள் பிரசவத்திலிருந்து தேறும்வரை அப்பாவும் பாட்டியும் ஆட்டட்டும். அவனுக்குத் தனியாக ஒரு தாலாட்டும் வேண்டும்.

பெரியவன் கை, கால், வாய்ப்புண் நோயோடு வீட்டுக்கு வந்தால் குணமாகும்வரை தம்பியைத் தொடவிடாதீர்கள். பாட்டி தம்பியோடும் அப்பா அவனோடும் ஆளுக்கோர் அறை. ஏழு வயதுக்குட்பட்ட குடிமகப் பிள்ளை உள்ள பெற்றோர் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு ஆறு நாள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு உண்டு. பிள்ளைகள் இரண்டானாலும் அதே ஆறு நாள்தான். ஆகவே தம்பி பிறந்த ஆண்டில் அதைச் சுற்றுலாவுக்குச் செலவழிக்காமல் கையில் வைத்திருங்கள். மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரியோ அதற்கு மேலோ காய்ச்சல் அடித்தால் மருந்து கொடுத்துப் பார்த்துக் காத்திருக்க வேண்டாம். இரவானாலும் நேரே சிறுவர் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.